‘நுழையலாம்’ என்னும் வினைவடிவம்: ஊடுருவல் சோதனைப் பாடத்தைத் தமிழில் எழுதுதல்

1. முன்னுரை

ஒரு கணினி அமைப்பில் உள்ள பாதுகாப்புக் குறைகளைக் கண்டறியும் பொருட்டு, அவ்வமைப்புக்கு உரியவரின் அனுமதியுடன், தாக்குவோர் கையாளும் அதே முறைகளைக் கையாண்டு பார்ப்பது ஊடுருவல் சோதனை எனப்படும். இச்சோதனையையும் அதற்கு அடிப்படையான அறிவையும் உள்ளடக்கிய பாடம் ‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்னும் பெயரில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இந்தியக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்பட்டு வருகிறது. பூட்டுச் செய்பவன் பூட்டைத் திறக்கும் வழிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கல்வியின் அடிப்படை.

இப்பாடத்துக்குப் பிற பாடங்களுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. இதில் கற்பிக்கப்படும் செயல், செயல் என்ற அளவில், குற்றமாகவும் இருக்கக்கூடும், பணியாகவும் இருக்கக்கூடும். இரண்டிலும் கருவி ஒன்றே, படிநிலைகள் ஒன்றே, கணினியில் விளையும் விளைவும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபாடு செயலுக்குப் புறத்தே, அனுமதி என்னும் ஒன்றில் அமைந்துள்ளது. புறத்தே உள்ள அவ்வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்துவது மொழியின் பொறுப்பாகிறது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் ஆகிய பாடப்பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க வழிசெய்தது. இந்நிலையில் கணினிப் பாதுகாப்புக்குரிய பாடநூல்களும் தமிழில் எழுதப்படவும் மொழிபெயர்க்கப்படவும் வேண்டியவை ஆகின்றன. அவற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் கலைச்சொற் சிக்கல்களையும், அவற்றைவிட எளிதில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இலக்கணச் சிக்கலையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பாடத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

2.1 அனுமதியுடன் தாக்கிப் பார்க்கும் முறை கல்விக்கூடத்தில் தோன்றியது அன்று. அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் அளித்த அறிக்கை, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும்போது ஏற்படும் ஆபத்துகளை முறையாக ஆராய்ந்தது. 1974இல் பால் கார்கர், ரோஜர் ஷெல் ஆகிய இருவரும் ‘மல்டிக்ஸ்’ என்னும் இயக்க அமைப்பைத் தாக்கிப் பார்த்து, அதன் பாதுகாப்பை மதிப்பிட்டு எழுதினர். அக்காலத்தில் இப்பணியைச் செய்த குழுக்கள் ‘புலிக் குழு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் வழங்கப்பட்டன.

2.2 1993இல் டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். தம் தளத்துக்குள் தாமே உடைத்துப் புகுவதன் வாயிலாக அதன் பாதுகாப்பை மேம்படுத்திக்கொள்ளலாம் என்பதே அதன் தலைப்பின் சாரம். குறைகளைத் தாமே தேடிக் கண்டறியும் ‘சாத்தான்’ என்னும் மென்பொருளை 1995இல் அவ்விருவரும் பொதுமக்களுக்கு வழங்கியபோது, அது பாதுகாவலருக்குத் துணையா, திருடருக்குத் துணையா என்னும் விவாதம் எழுந்தது. ‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்னும் தொடர் பரவியதும் ஏறத்தாழ இக்காலத்திலேயே. 2001இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் சார்லஸ் பால்மர் இத்தொடரையே தலைப்பாகக் கொண்டு எழுதிய கட்டுரை இத்துறையில் பலராலும் எடுத்தாளப்படுகிறது.

2.3 பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தை ஏற்றபோது எதிர்ப்பும் உடன் வந்தது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் 2003இல் கணினி நச்சுநிரல்களை எழுதக் கற்பிக்கும் பாடத்தை அறிவித்தபோது, நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் துறையினர் அதனைக் கண்டித்தனர். வெளி வலையமைப்புடன் தொடர்பற்ற தனி ஆய்வகத்தில் அப்பாடம் நடத்தப்பட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் 2006இல் எத்திக்கல் ஹேக்கிங்கை இளநிலைப் பட்டப்படிப்பாகவே தொடங்கியது. செய்யக் கற்பிப்பது செய்யத் தூண்டுவதாகுமா என்பதே எல்லா எதிர்ப்புகளிலும் எழுந்த வினா. இவ்வினாவுக்கு மொழியியல் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு என்பது ஏழாம் பகுதியில் விளக்கப்படும்.

3. வகுப்பில் கற்பிக்கப்படுவன

3.1 அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, ஊடுருவல் சோதனையைத் திட்டமிடல், கண்டறிதல், தாக்குதல், அறிக்கையிடல் என நான்கு நிலைகளாகப் பகுக்கிறது. திட்டமிடல் நிலையில் சோதனையின் எல்லை வரையறுக்கப்பட்டு அனுமதி எழுத்தில் பெறப்படுகிறது. கண்டறிதல் நிலையில் அமைப்பில் எந்தெந்தச் சேவைகள் இயங்குகின்றன, அவற்றில் அறியப்பட்ட குறைகள் எவை என்பன தொகுக்கப்படுகின்றன. தாக்குதல் நிலையில் அக்குறைகள் உண்மையிலேயே நுழைவுக்கு இடந்தருகின்றனவா எனச் சோதிக்கப்படுகிறது. அறிக்கையிடல் நிலையில் கண்டவையும் அவற்றைத் திருத்தும் வழிகளும் உரியவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. குற்றவாளியின் செயல் இந்நான்கனுள் நடுவிலுள்ள இரண்டை மட்டுமே கொண்டது. முதலும் இறுதியுமே சோதனையாளரைப் பிரித்துக் காட்டுகின்றன. அவ்விரண்டும் முற்றிலும் மொழிச்செயல்களாகும் என்பது கருதத்தக்கது. ஒன்று ஒப்பந்தம், மற்றது அறிக்கை.

3.2 பயிற்சிக்காகவே குறைகளுடன் அமைக்கப்பட்ட மென்பொருள்கள் உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட ‘ஓவாஸ்ப்’ அமைப்பு வழங்கும் ‘வெப்கோட்’ இத்தகையது. மாணவர் இதனைத் தம் கணினிக்குள் இயங்கும் மெய்நிகர்க் கணினியில் நிறுவி, வெளியுலகைத் தொடாமலே தாக்கிப் பழகுகின்றனர்.

3.3 இப்பயிற்சிகளுள் முதலில் கற்பிக்கப்படுவனவற்றுள் ஒன்று தரவுத்தளக் கட்டளையில் அயற்கூற்றைச் செருகுதல் ஆகும். இது மொழியியலாருக்கு நன்கு விளங்கக்கூடிய ஒன்று. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மேற்கோட்குறிகளுக்குள் இருப்பது விண்ணப்பதாரரின் பெயர். குறிகளுக்கு வெளியே இருப்பது மேலதிகாரியின் கட்டளை என்பது அவருக்கு இடப்பட்ட விதி. விண்ணப்பதாரர் தம் பெயரின் இறுதியில் தாமே ஒரு மேற்கோட்குறியை இட்டு, அதன்பின் ஒரு தொடரையும் எழுதிவிடுகிறார். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் எழுத்தர், பெயர் அக்குறியோடு முடிந்தது எனவும் எஞ்சிய தொடர் மேலதிகாரியின் கட்டளை எனவும் கொண்டு அதனை நிறைவேற்றிவிடுகிறார். கணினியில் நிகழ்வதும் இதுவே. தரவு என்று கருதப்பட்ட எழுத்துத் தொடர் கட்டளையாகப் பகுக்கப்படுகிறது.

தமிழில் நேர்கூற்றின் எல்லையை ‘என்று’ என்னும் இடைச்சொல் காட்டுகிறது. ‘கதவைத் திற என்று சொன்னான்’ என்பதைக் கேட்பவர் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதில்லை. கூற்று அறிவிக்கப்படுகிறது, ஏவப்படவில்லை என்பதை ‘என்று’ உணர்த்திவிடுகிறது. இவ்வெல்லையை நகர்த்தும் ஆற்றல் அயலார் கைக்குச் சென்றுவிடுவதே மேற்கண்ட குறையின் சாரம். இதற்குரிய தீர்வும் தொடரியல் சார்ந்ததே. கட்டளையின் அமைப்பை முன்னரே பகுத்து உறுதிசெய்துவிட்டு, பின்னர் வரும் தரவு எவ்வடிவில் இருப்பினும் அதனைப் பகுப்புக்கு உட்படுத்தாது வெற்றிடத்தில் வைப்பதே அத்தீர்வு. இவ்வாறு விளக்கும்போது மாணவர் தாக்கும் முறையையும் காக்கும் முறையையும் ஒருசேர அறிகின்றனர். ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கற்பித்தல் இயலாது என்பதற்கு இதுவே சான்று.

4. ‘ஹேக்’ என்னும் சொல்லின் பொருள் மாற்றம்

4.1 ஆங்கிலத்தில் ‘ஹேக்’ என்பதன் பழம்பொருள் வெட்டுதல், கொத்துதல் என்பதாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாதிரி ரயில் சங்கத்து மாணவர்கள் 1950களில் இச்சொல்லை மின்சுற்றுகளில் நுட்பமாகக் கைவேலை செய்தல் என்னும் பாராட்டுப் பொருளில் வழங்கினர். பின்னர் இது கணினி நிரலர்களிடையே பரவியது. 1980களில் செய்தித்தாள்கள் கணினிக்குள் அத்துமீறிப் புகுவோரை இச்சொல்லால் சுட்டத் தொடங்கின. 1993 ஜனவரியில் வெளியான இணையப் பயனருக்கான சொற்களஞ்சியம், ஓர் அமைப்பின் உள்ளியக்கத்தை நுணுகி அறிவதில் இன்பம் காண்பவரே ‘ஹேக்கர்’ எனவும், அத்துமீறுவோரைச் சுட்ட ‘கிராக்கர்’ என்பதே பொருந்தும் எனவும் பிரித்துரைத்தது. ஆயினும் வழக்கு அதனை ஏற்கவில்லை.

4.2 இது இழிபொருட்பேறு என்னும் வகையைச் சார்ந்த மாற்றமாகும். பழந்தமிழில் நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே சுட்டுவது தமிழ் மாணவர் அறிந்த சான்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ‘ஹேக்’ என்பதன் பழைய நற்பொருள் துறையினரிடையே இன்றும் வழக்கில் இருக்கிறது; எனவே ‘எத்திக்கல்’ என்னும் அடை சேர்ந்ததும் அந்நற்பொருள் மீட்கப்படுகிறது. தமிழுக்கு இச்சொல் செய்தித்தாள் வழியாக, இழிந்த பொருளில் மட்டுமே வந்து சேர்ந்தது. ஆகவே ‘எத்திக்கல் ஹேக்கிங்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நேர்மையான திருட்டு’ என்பது போன்ற முரண்தொடர் கிடைக்கிறது. மூலமொழியில் அடைக்குரிய பணி மீட்பது; பெறுமொழியில் அதற்குரிய பணி மறுப்பதாக மாறிவிடுகிறது.

5. சட்ட மொழியில் இச்சொல்

5.1 சொற்பொருள் வரையறை இல்லாமையால் சட்டமே தடுமாறிய வரலாறு இத்துறைக்கு உண்டு. பிரிட்டனில் ‘பிரெஸ்டெல்’ தகவல் சேவையில் பிறர் அடையாளத்தைப் பயன்படுத்தி நுழைந்த இருவர் மீது, போலி ஆவணம் தயாரித்தல் தொடர்பான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. கணினியில் நொடிப்பொழுது தங்கி மறையும் மின்குறிகளை ‘போலி ஆவணம்’ எனக் கொள்ள இயலாது என்னும் அடிப்படையில் தண்டனை நீக்கப்பட்டதை 1988இல் பிரபுக்கள் அவை உறுதிசெய்தது. இதனைத் தொடர்ந்து 1990இல் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் மையச் சொல் ‘ஹேக்கிங்’ அன்று; ‘அதிகாரம் பெறாத அணுகல்’ என்பதே.

5.2 இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 66ஆம் பிரிவு ‘ஹேக்கிங்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது. ஆனால் அப்பிரிவு தந்த வரையறையில் நுழைதல் என்னும் கருத்தே இல்லை. தீங்கு விளைவிக்கும் எண்ணத்துடனோ, விளையும் என அறிந்தோ, கணினியிலுள்ள தகவலை அழித்தல், மாற்றுதல், அதன் மதிப்பைக் குறைத்தல் ஆகியனவே அங்கு ஹேக்கிங் எனப்பட்டன. நுழைதல் வேறாக 43ஆம் பிரிவில் கூறப்பட்டது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 66ஆம் பிரிவிலிருந்து ‘ஹேக்கிங்’ என்னும் சொல் நீக்கப்பட்டு, ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்னும் பொதுத்தலைப்பு இடப்பட்டது.

5.3 திருத்தப்பட்ட அமைப்பில் இரு கூறுகள் தனித்தனியே நிற்கின்றன. 43ஆம் பிரிவு, கணினிக்கு உரியவர் அல்லது அதன் பொறுப்பில் உள்ளவர் ஆகியோரின் அனுமதியின்றி அணுகுதல் முதலான செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு இழப்பீட்டுப் பொறுப்பை விதிக்கிறது. அச்செயல்களை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதற்பிரிவின் மையம் அனுமதி. இரண்டாம் பிரிவு அதன்மேல் எண்ணத்தையும் சேர்க்கிறது. நல்லெண்ணத்துடன், ஆனால் அனுமதியின்றி, ஒரு தளத்தின் குறையைச் சோதித்துப் பார்த்த மாணவர் இரண்டாம் பிரிவிலிருந்து விலகி நிற்க முயலலாம். முதற்பிரிவிலிருந்து விலக நல்லெண்ணம் மட்டும் போதாது. மொழிபெயர்ப்பாளர் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இது.

6. தமிழ்க் கலைச்சொற்கள்

6.1 ‘ஹேக்கிங்’ என்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் மூவகையின. முதலாவது ஒலிபெயர்ப்பு: ‘ஹேக் செய்யப்பட்டது’. இரண்டாவது விளைவைச் சுட்டும் சொல்: ‘முடக்கம்’. செய்தித்தாள்களில் ஒருவரது சமூக ஊடகக் கணக்கை அயலார் கைப்பற்றினாலும் ‘முடக்கம்’. அந்நிறுவனமே கணக்கை நிறுத்திவைத்தாலும் ‘முடக்கம்’. குற்றமும் தண்டனையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுதல் கலைச்சொல்லுக்கு ஏற்றதன்று. மூன்றாவது செயலைச் சுட்டும் சொல்: ‘ஊடுருவல்’, ‘தாக்குதல்’, ‘கொந்துதல்’ என்பன. இவற்றுள் ‘கொந்து’ என்னும் வினைக்குக் கொத்துதல், குத்துதல் ஆகிய பொருள்கள் உண்டாதலின், அது ஆங்கில மூலத்தின் பழம்பொருளை ஒட்டியது. ‘ஊடுருவல்’ எல்லைக் காவல் பற்றிய செய்திகளில் பயின்று பகைமைப் பொருளை ஏற்றுள்ளது. எனினும் ‘ஊடுருவிப் பார்த்தல்’ என்னும் வழக்கில் நுணுகி அறிதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆகவே சோதனையைக் குறிக்க ‘ஊடுருவல் சோதனை’ தகுதியான தொடரே.

6.2 ‘எத்திக்கல்’ என்பதை ‘அறநெறி’, ‘நன்னெறி’, ‘நெறிசார்’ எனப் பலவாறு பெயர்க்கலாம். இவை யாவும் செய்பவரின் பண்பைச் சுட்டுவன. தமிழில் ‘அறம்’ என்பது ஒருவர் உள்ளத்தின் தூய்மையோடு நெருங்கிய தொடர்புடையது. தம்மை அறவழியில் நிற்பவராகக் கருதும் மாணவர், அதனாலேயே தமக்கு நுழையும் உரிமை உண்டு எனக் கருத இச்சொல் இடந்தருகிறது. துறை வேண்டுவது அப்பண்பை மட்டும் அன்று. பிறர் தரும் இசைவையும் வேண்டுகிறது. ஆதலின் பாடத்தின் பெயர் எவ்வாறு அமையினும், பாடநூலின் உள்ளே ‘இசைவுபெற்ற ஊடுருவல் சோதனை’ என்பதே அடிப்படைத் தொடராக இருத்தல் நன்று.

6.3 ‘அனுமதி’, ‘இசைவு’, ‘ஒப்புதல்’ ஆகிய மூன்றும் ஒருபொருட் பன்மொழி அல்ல. அனுமதி என்பது அதிகாரம் உடையவர் தருவது. இசைவு என்பது பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர் உடன்படுவது. ஒப்புதல் என்பது முன்வைக்கப்பட்ட ஒன்றை ஏற்பது. கல்லூரி முதல்வர் கல்லூரியின் வலையமைப்பைச் சோதிக்க அனுமதி தரலாம். ஆனால் அவ்வலையமைப்பின் ஒரு பகுதி வெளி நிறுவனத்தின் சேவையகத்தில் இயங்குமாயின் அந்நிறுவனத்தின் இசைவும் வேண்டும். சோதனைத் திட்டத்துக்குத் துறைத்தலைவர் ஒப்புதல் தருவது இவ்விரண்டுக்கும் ஈடாகாது. மூன்று சொற்களையும் மாறி மாறி வழங்குவது நடைக்கு அழகு சேர்க்கலாம். பொருளுக்குக் கேடு சேர்க்கும்.

6.4 பிற சொற்களிலும் கவனம் வேண்டும். குறையைப் பயன்படுத்தி நுழைவதைக் குறிக்கும் ‘எக்ஸ்ப்ளாயிட்’ என்பதைச் ‘சுரண்டல்’ எனப் பெயர்த்தால் உழைப்புச் சுரண்டலே நினைவுக்கு வரும். ‘குறைப்பயன்பாடு’ என்பது பொருளை நேரே தருகிறது. எனினும் ‘குறைந்த பயன்பாடு’ என மயங்கக்கூடுமாதலின் ‘குறைவழி நுழைவு’ என்பது தெளிவு. ‘போர்ட்’ என்பது இங்குத் துறைமுகம் அன்று. வலையமைப்பின் எண்ணிட்ட வாயில். ‘சோஷியல் என்ஜினியரிங்’ என்பதைச் ‘சமூகப் பொறியியல்’ எனப் பெயர்த்தால் அது ஏதோ நலத்திட்டம் போலத் தோன்றும். பேச்சால் ஏமாற்றிக் கடவுச்சொல் முதலியவற்றைப் பெறுதலே அதன் பொருளாதலின் ‘நம்பவைத்து ஏமாற்றல்’ என்றே எழுதலாம். நல்ல நோக்கமுடைய ஹேக்கரைக் குறிக்கும் ‘ஒயிட் ஹேட்’ என்பது வெள்ளைத் தொப்பி அணிந்த நாயகனைக் காட்டும் அமெரிக்கத் திரைப்பட மரபிலிருந்து வந்தது. ‘குல்லாய் போடுதல்’ என்பதற்கு ஏமாற்றுதல் என்னும் பொருள் வழங்கும் மொழியில் இதனை நேரே பெயர்ப்பது எதிர்ப்பொருளையே தரும்.

7. ‘-லாம்’ விகுதியும் அதன் இருபொருண்மையும்

7.1 கலைச்சொற்களைத் திருத்தியபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பின்வரும் தொடர்களை நோக்குக.

(1) வெளியே காத்திருப்பவர் இப்போது உள்ளே வரலாம்.
(2) இன்று மாலை மழை வரலாம்.
(3) இந்தப் பூட்டைக் கொண்டை ஊசியால்கூடத் திறக்கலாம்.
(4) வாருங்கள், சாப்பிடப் போகலாம்.

(1) அனுமதி, (2) நிகழக்கூடுமென்னும் ஊகம், (3) செயல் இயலும் தன்மை, (4) அழைப்பு. நான்குக்கும் வடிவம் ஒன்றே. ‘-அல்’ ஈற்றுத் தொழிற்பெயரோடு ‘ஆகும்’ என்பதன் சுருக்கமான ‘ஆம்’ சேர்ந்து உருவானது இவ்வடிவம். ‘வரல் ஆகும்’ என்பதில் ‘ஆகும்’ என்பது ‘இயலும்’ எனவும் ‘தகும்’ எனவும் இருபொருள் படுதலே பிற்கால மயக்கத்துக்கும் அடிப்படை எனலாம்.

7.2 பெரும்பாலான நூல்களில் இம்மயக்கம் தீங்கு செய்வதில்லை. சமையற் குறிப்பில் ‘இப்போது உப்புச் சேர்க்கலாம்’ என்பதை எவரும் அனுமதி எனக் கருதிக் குழம்புவதில்லை. செய்ய இயல்வதும் செய்யத் தகுவதும் அங்கு வேறுபடுவதில்லை. ஊடுருவல் சோதனைப் பாடத்தில் இவ்விரண்டும் வேறுபடுவது மட்டுமன்று. அவ்வேறுபாடே பாடத்தின் உயிர்.

(5) இக்கருவியைக் கொண்டு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கண்டறியலாம்.
(6) இவ்வாறு சேவையகத்துக்குள் நுழையலாம்.

ஆசிரியர் கருதியது (3)இன் பொருள். மாணவர் (1)இன் பொருளைக் கொண்டால் அவரைக் குறைகூற இயலாது. பாடநூல் என்பதே அதிகாரம் உடைய குரல். அக்குரலில் வரும் ‘-லாம்’ அனுமதியாக ஒலிப்பது இயல்பு. செய்யக் கற்பிப்பது செய்யத் தூண்டுவதாகுமா என முன்னர்க் குறிக்கப்பட்ட வினா, தமிழில் ஒரு விகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

7.3 எதிர்மறையில் நிலை ஓரளவு தெளிவாகிறது. ‘நுழையலாம்’ என்பதற்கு ‘நுழையக்கூடாது’ என்னும் விலக்கும் ‘நுழைய இயலாது’ என்னும் இயலாமையும் தனித்தனி எதிர்மறைகள். ‘கூடு’ என்னும் வினையின் வளர்ச்சி இங்கு நோக்கத்தக்கது. உடன்பாட்டில் ‘நுழையக்கூடும்’ என்பது இன்றும் நிகழ்தகவையே குறிக்க, எதிர்மறையில் ‘நுழையக்கூடாது’ என்பது முற்றிலும் விலக்காகிவிட்டது. ‘நுழைய முடியாது’ என்பதோ இயலாமை, மறுப்பு ஆகிய இரண்டுக்கும் இடந்தருகிறது. ‘அனுமதியின்றி இந்த அமைப்புக்குள் நுழைய முடியாது’ என்னும் தொடரை மாணவர் ஓர் அறைகூவலாகவும் கொள்ளக்கூடும். அங்கு ‘நுழையக்கூடாது’ என்பதே வேண்டும்.

7.4 எனவே இத்தகைய பாடநூல்களில் பின்வரும் மரபைப் பின்பற்றுதல் பயன் தரும். இயலும் தன்மையைக் கூறுமிடத்து ‘இயலும்’, ‘முடியும்’ என்பனவற்றை மட்டும் வழங்குதல். அனுமதியைக் கூறுமிடத்து மட்டும் ‘-லாம்’ வழங்குதல். விலக்குக்குக் ‘கூடாது’ மட்டும் வழங்குதல். ஊகத்துக்குக் ‘கூடும்’ மட்டும் வழங்குதல். இதன்படி (6) பின்வருமாறு அமையும்.

(7) இக்குறை உள்ள சேவையகத்துக்குள் இவ்வாறு நுழைய இயலும். பயிற்சிக்கென அமைக்கப்பட்ட சேவையகத்தில் மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம். வேறெங்கும் செய்யக்கூடாது.

மேலும், தமிழில் எழுவாய் தோன்றாமலே தொடர் நிறைவுபெறும். ‘கடவுச்சொல் கண்டறியப்பட்டது’ என்னும் செயப்பாட்டுத் தொடரில் யார், யாருடைய இசைவுடன் என்பன மறைந்துவிடுகின்றன. பிற நூல்களில் இது நடைச்சிக்கனம். இங்கு இது தகவல் இழப்பு. ஊடுருவல் தொடர்பான வினைகள் வருமிடத்துச் செய்பவர், செயப்படுபொருள் ஆகியவற்றோடு இசைவளித்தவரையும் இன்றியமையாப் பங்கேற்பாளராகக் கொண்டு தொடர் அமைத்தல் வேண்டும்.

8. அனுமதிக் கடிதம் என்னும் பனுவல்

8.1 அனுமதியைச் சொல்லில் வரையறுப்பது எத்துணை அரிது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு சான்றாகும். 2019இல் அயோவா மாநில நீதித்துறை நிர்வாகம், தன் கட்டடங்களின் பாதுகாப்பையும் கணினிப் பாதுகாப்பையும் சோதிக்கக் ‘கோல்ஃபயர்’ என்னும் நிறுவனத்தை அமர்த்தியது. அந்நிறுவனத்தின் சோதனையாளர் இருவர் செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு டல்லஸ் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தனர். அபாய ஒலி எழுந்து காவலர் வந்தபோது, தம்மிடமிருந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினர். எனினும் அவர்கள் கைதுசெய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். கட்டடம் மாவட்டத்துக்கு உரியது. அதற்குள் நுழைய மாநில நிர்வாகம் எவ்வாறு அனுமதி தர இயலும் என்பது மாவட்டக் காவல் தலைவரின் வினா. சோதனை நடத்தும் நேரம், முறை ஆகியவை பற்றி ஆவணங்களில் இருந்த சொற்களை இருதரப்பினரும் வெவ்வேறாகப் பொருள்கொண்டிருந்தனர். 2020 ஜனவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதுவரை அவ்விருவரின் நிலை, ஒரு கடிதத்துச் சொற்களின் பொருள் பற்றிய வழக்காகவே இருந்தது.

8.2 இத்தகைய கடிதத்தை ஆங்கிலத் துறைவழக்கு, ‘மோனோபோலி’ என்னும் பலகை விளையாட்டில் சிறையிலிருந்து விடுபட உதவும் சீட்டின் பெயரால் வழங்குகிறது. பால்மரின் 2001ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இவ்வழக்கு இடம்பெறுகிறது. தமிழில் ‘அனுமதிக் கடிதம்’ என்னும் எளிய பெயரே போதும். அதில் பின்வருவன விடுபடாமல் இடம்பெற வேண்டும்: அனுமதி தருபவர் யார், அவருக்கு அவ்வதிகாரம் எவ்வாறு வந்தது, சோதிப்பவர் யார் யார், சோதிக்கப்படும் அமைப்புகள் எவை, விலக்கப்பட்டவை எவை, தொடங்கும் நாளும் நேரமும், முடியும் நாளும் நேரமும், கையாளக்கூடிய முறைகள், கையாளக்கூடாத முறைகள், இடர் நேரும்போது உடனே அழைக்க வேண்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், கண்டறிந்த தகவல்கள் எவரிடம் ஒப்படைக்கப்படும், பின்னர் எவ்வாறு அழிக்கப்படும் என்பன.

8.3 ‘வேலை நேரத்தில்’, ‘தேவைப்படின்’, ‘உரிய முறையில்’, ‘முதலியன’ ஆகிய தொடர்கள் அலுவலகத் தமிழில் இயல்பாக வருவன. அனுமதிக் கடிதத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு திறந்த வாயில். ‘கல்லூரி இணையதளம் முதலியவற்றைச் சோதிக்கலாம்’ என எழுதப்பட்டால், ‘முதலியன’ என்பதனுள் தேர்வுத்துறையின் மதிப்பெண் தரவுத்தளம் அடங்குமா என்னும் வினா எழும். இக்கடிதத்தைத் தமிழில் எழுதிப் பழகுதல், எழுதியதைச் சக மாணவர் குறைகண்டு திருத்துதல் ஆகியன கருவிப் பயிற்சிக்கு முன்பே வகுப்பில் நடத்தத்தக்கன. மென்பொருளின் குறையைத் தேடும் அதே கண், சொற்றொடரின் குறையையும் தேடப் பழகும்.

9. முடிவுரை

ஊடுருவல் சோதனையைக் கற்பித்தல் என்பது இயலுவதை விரிவாக்கி, தகுவதை வரையறுத்துக் காட்டும் கல்வி. செயலைக் குறிக்கும் சொல்லில் இழிபொருளோ உயர்பொருளோ ஏற்றுவதால் இவ்வேறுபாடு விளங்காது. சட்டங்களே ‘ஹேக்கிங்’ என்னும் சொல்லைக் கைவிட்டு அனுமதி, எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுத்தமை இதனை உணர்த்தும். தமிழில் இப்பாடத்தை எழுதுவோர், செய்பவரின் பண்பைச் சுட்டும் அடைகளைக் காட்டிலும் இசைவளித்தவரையும் எல்லையையும் காலத்தையும் சுட்டும் தொடர்களுக்கு முதன்மை தருதல் வேண்டும். அதனோடு ‘-லாம்’, ‘முடியும்’, ‘கூடும்’, ‘கூடாது’ ஆகியவற்றின் வழக்கை நூல் முழுதும் ஒரே சீராகப் பேணுதல் வேண்டும். தமிழில் படித்த மாணவர் ஒருவர் அயலார் சேவையகத்தின் முன் இருக்கும்போது, ‘நுழைய இயலும்’ என்பதும் ‘நுழையலாம்’ என்பதும் அவர் மனத்தில் இருவேறு தொடர்களாக நிற்குமாயின், மொழிபெயர்ப்பாளரின் பணி நிறைவேறியதாகும்.